வெயிலில் தொங்கிப்போன கார் கூரைத் துணியை நாமே மாற்றலாம்

பழைய காரில் ஏறி உட்கார்ந்ததும் கூரைத் துணி தலைமுடியைத் தொடுகிறதா? கண்ணாடியில் பின்னால் வரும் வண்டியைப் பார்க்க முடியாதபடி துணி மறைக்கிறதா? பலரும் முதலில் குண்டூசி குத்திச் சமாளிப்பார்கள். அப்புறம் துணியைக் கிழித்து ஒரு பசையை உள்ளே அடித்து அழுத்துவார்கள். சில நாள் நிற்கும், அடுத்த வெயிலுக்கு மறுபடி தொங்கும். பசைக் கறையும் சேர்ந்துவிடும்.

ஏன் நிற்பதில்லை என்று புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. கூரையின் உட்பக்கம் துணியைத் தாங்கும் அட்டைக்கும் துணிக்கும் நடுவே மெல்லிய ஃபோம் இருக்கிறது. துணியின் முதுகில் ஒட்டியே வருவது அது. வருடக்கணக்கில் வெயிலும் ஈரக்காற்றும் பட்டு அந்த ஃபோம் உதிர்ந்து தூளாகிறது. துணி நன்றாக இருக்கும், அட்டையும் நன்றாக இருக்கும், நடுவில் இருப்பதுதான் போய்விட்டது. தொங்கும் இடத்தை விரலால் தேய்த்துப் பாருங்கள். மஞ்சளாகவோ பழுப்பாகவோ தூள் கொட்டினால் இதுதான் காரணம். தூளின் மேல் எந்தப் பசையும் பிடிக்காது. அதனால் பழைய துணியை முழுக்க எடுத்துவிட்டுப் புதிய துணி ஒட்டுவதுதான் வழி.

என்னென்ன வேண்டும்

ஃபோம் ஒட்டிய ஹெட்லைனர் (கார் கூரை) துணி, நாலு பக்கமும் 10 செ.மீ. கூடுதலாக. சாதாரணத் துணி வேண்டாம், அட்டையின் ஒவ்வொரு மேடுபள்ளமும் அதில் தெரியும். அடுத்தது, அதிக வெப்பம் தாங்கும் ஸ்ப்ரே பசை. டப்பாவில் கார் கூரைத் துணிக்கு ஏற்றது என்று எழுதியிருக்க வேண்டும். வெயிலில் நிற்கும் வண்டியின் உட்பக்கம் எவ்வளவு கொதிக்கும் என்பது தெரிந்ததுதான், காகிதம் ஒட்டும் ஸ்ப்ரே அந்தச் சூட்டில் இளகிவிடும். இவற்றோடு மென்மையான நைலான் பிரஷ், புது பிளேடு போட்ட கத்தி, டிரிம் (உட்பக்க பிளாஸ்டிக் மூடிகள்) கழற்றும் பிளாஸ்டிக் நெம்புகோல், ஹேர் டிரையர், மாஸ்க், பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை. கூடவே ஒரு துணையாள்.

படி 1: தொடங்கும் முன்

பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். கதவுக்கு மேலே கூரை ஓரத்திலோ, முன்கண்ணாடி ஓரத் தூணின் மூடியிலோ ஏர்பேக் என்ற எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கூரை ஓரத்துக்குள் ஏர்பேக் சுருட்டி வைத்திருக்கிறார்கள் என்று பொருள். அப்படிப்பட்ட வண்டியில் அட்டையைக் கழற்றுவதையும் திரும்ப மாட்டுவதையும் விஷயம் தெரிந்த மெக்கானிக்கிடம் விடுங்கள். இடைப்பட்ட துணி வேலையை நீங்கள் செய்யலாம். ஏர்பேக் விஷயத்தில் மட்டும் துணிச்சல் காட்ட வேண்டாம்.

படி 2: அட்டையை இறக்குவது

எதைக் கழற்றினாலும் முதலில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். சன் வைசர், கைப்பிடிகள், உள்விளக்கு, தூண் மூடிகள், கதவோர ரப்பர் பீடிங் என்று வரிசையாகக் கழற்றி, ஒவ்வொன்றின் ஸ்க்ரூவையும் தனித்தனிப் பையில் போடுங்கள்.

பல வருட வெயில் பட்ட பிளாஸ்டிக் பிஸ்கட் மாதிரி உடையும். கிளிப் இருக்கும் இடத்தில் ஹேர் டிரையரால் ஒரு நிமிடம் இதமாகச் சூடு காட்டி, கிளிப்புக்கு மிக அருகில் பிடித்து நேராக இழுங்கள். ஹீட் கன் வேண்டாம், கண் மூடித் திறப்பதற்குள் பிளாஸ்டிக் வளைந்துவிடும்.

முன்சீட்டுகளை முழுக்கச் சாய்த்துவிட்டு, இருவரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து அட்டையை இறக்குங்கள். பின்கதவு மேலே திறக்கும் வண்டி என்றால் அந்த வழியே எளிதாக வரும். அட்டையை மட்டும் மடக்கிவிடாதீர்கள். ஒருமுறை விழுந்த மடிப்பு புதுத் துணிக்கு மேலும் கோடாகத் தெரியும்.

படி 3: சுரண்டுவது

நாள் முழுக்க ஆனாலும் சரி, இந்தப் படியில் அவசரப்படாதீர்கள். முதல்முறை நான் இதைச் செய்தபோது, நடுப்பகுதியை நன்றாகத் தேய்த்துவிட்டு மூலைகளில் கொஞ்சம் ஃபோமை அப்படியே விட்டேன். இரண்டே வாரத்தில் சரியாக அந்த மூலைகளில் மட்டும் துணி கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. மொத்தத்தையும் மறுபடி செய்ய வேண்டியதாயிற்று.

மாஸ்க் போட்டுக்கொண்டு, அட்டையைத் திறந்த வெளியில் வைத்துத் துணியை உரியுங்கள். மிஞ்சிய ஃபோமை பிரஷால் ஒரே திசையில், அழுத்தாமல் தேய்த்து எடுங்கள். கம்பி பிரஷ் அட்டையைப் பிய்த்துவிடும். தண்ணீரும் ஆகாது, நனைந்தால் அட்டை கோணும். தூளை வேக்குவம் கிளீனரால் உறிஞ்சியபின் வெறும் கையால் ஒருமுறை தடவுங்கள். கையில் நிறம் ஒட்டினால் இன்னும் தேய்க்க வேண்டும். கையில் எதுவும் ஒட்டாத நிலை வரும்வரை பசை டப்பாவைத் தொடாதீர்கள்.

படி 4: ஒட்டுவது

துணியை அட்டைமேல் விரித்துச் சரிபார்த்துவிட்டு, ஒரு பாதியை மட்டும் பின்னால் மடியுங்கள். அந்தப் பாதி அட்டையிலும், துணியின் ஃபோம் பக்கத்திலும் சீராகப் பசை அடியுங்கள். டப்பாவில் சொன்ன நேரம் பொறுங்கள். விரல் வைத்தால் பிசுபிசுக்க வேண்டும், ஆனால் பசை விரலோடு வரக் கூடாது.

அப்புறம் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி உள்ளங்கையால் தடவிக்கொண்டே போங்கள். விளக்கு, வைசர் உட்காரும் பள்ளங்கள் வந்தால் முதலில் துணியைப் பள்ளத்துக்குள் அழுத்திவிட்டு மேலே செல்லுங்கள். பள்ளத்தின் குறுக்கே துணியை விறைப்பாக இழுத்து ஒட்டினால், சூடு ஏறும்போது முதலில் கழன்று வருவது அந்த இடம்தான். ஒரு பாதி முடிந்ததும் மறுபாதியையும் இப்படியே ஒட்டி, ஓரத்தில் 2 செ.மீ. மட்டும் விட்டு மிச்சத்தை வெட்டி, அதைப் பின்பக்கம் மடக்கி ஒட்டுங்கள்.

ஒரு நாள் முழுக்கக் காய விடுங்கள். அதன்பின் விளக்கு, வைசர் மாட்டும் ஓட்டைகளின் மேல் பெருக்கல் குறி போல் கீறி, முனைகளை உள்ளே மடக்குங்கள். ஈரப் பசையில் கத்தி வைத்தால் துணி இழுபடும்.

மற்ற இடங்கள்

கதவின் உட்பக்க வினைல் ஓரத்தில் உரிந்திருந்தால், டிரையரால் சூடு காட்டி மெதுவாக இழுத்துப் பாருங்கள். பழைய இடம் வரை எட்டினால் இரு பக்கமும் கான்டாக்ட் பசை தடவி, தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காயவிட்டு அழுத்துங்கள். எட்டவில்லை என்றால் வினைல் சுருங்கிவிட்டது, வலுக்கட்டாயமாக இழுத்தால் கிழியும். அதற்கும் புது வினைல்தான்.

டேஷ்போர்டு விரிசலுக்கு வளையும் தன்மையுள்ள வினைல் ஃபில்லர் போதும். ஆனால் பயணி பக்க ஏர்பேக் மூடியிலும் அதன் ஓரங்களிலும் ஃபில்லரோ பசையோ உறையோ கூடவே கூடாது. விபத்தின்போது அந்த மூடி தடையில்லாமல் திறக்க வேண்டும்.

மாட்டியபின்

கழற்றிய வரிசையைத் தலைகீழாகப் பின்பற்றி எல்லாவற்றையும் மாட்டுங்கள். பசை வாடை போகும்வரை, நிறுத்தும் இடத்தில் கண்ணாடிகளைச் சற்று இறக்கி வையுங்கள். நல்ல வெயிலில் வண்டி நின்ற முதல் நாள் மாலை, கதவோர ரப்பர் பீடிங்கை ஒட்டிய துணி ஓரத்தை விரலால் தடவிப் பாருங்கள். எங்காவது தூக்கியிருந்தால் அந்த இடத்து ரப்பரை மட்டும் உருவி, சின்னப் பிரஷால் கான்டாக்ட் பசை வைத்து ஒட்டிவிடலாம்.