நோர்வேக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: “இவங்கள் இப்பிடித்தான்” என்று சொல்ல முன்

வரி அட்டை, வங்கிக் கணக்கு, வீட்டு ஒப்பந்தம் எல்லாவற்றுக்கும் வழி சொல்ல இங்கே ஆள் இருக்கிறது. முதல் வருடத்தில் மனதுக்குள் ஏறி உட்காரும் தீர்ப்புகளைப் பற்றித்தான் யாரும் கதைப்பதில்லை. “இவங்களுக்குப் பாசம் எண்டு ஒண்டு இல்லை, எல்லாம் சட்டம்தான்” என்பார் ஒருவர். “எங்கட சனம் ஒருநாளும் திருந்தாது, வெள்ளைக்காரரைப் பார்த்துப் பழகோணும்” என்பார் இன்னொருவர். முதலாமவர், எங்கள் குடும்பம் எப்படி இருக்கவேண்டும் என்ற ஆசையை எடுத்து நோர்வேஜியரின் அன்றாட வாழ்க்கைக்குப் பக்கத்தில் வைக்கிறார். மற்றவர் அதையே தலைகீழாகச் செய்கிறார். ஆசையை ஆசையோடும் நடப்பை நடப்போடும் வைத்துப் பாருங்கள், பாதிக் கோபம் அடங்கிவிடும்.

தை மாதத்தில் ஒரு பார்னஹாகே (பாலர் பாடசாலை) பக்கம் போனால், பூச்சியத்துக்குக் கீழான குளிரில் வெளியே தள்ளுவண்டிகள் வரிசையாக நிற்கும். உள்ளே கம்பளி உடுப்புக்குள் குழந்தைகள் நித்திரை. மூக்கு நுனி மட்டும் சிவந்து தெரியும். எங்கள் அம்மாமாருக்கு அந்தக் காட்சி நெஞ்சைப் பிசையும். அதே நேரம், ஐந்து வயதுப் பிள்ளைக்கு நாங்கள் சோறு குழைத்துத் தீத்துவதைப் பார்க்கும் நோர்வேஜியத் தாய்க்கு, இந்தப் பிள்ளை எப்போது தானாகச் சாப்பிடப் பழகும் என்ற கவலை வரும். இரண்டு பேருமே பிள்ளையில் உயிரை வைத்திருப்பவர்கள்தான். நல்ல காற்று பிள்ளையைத் தேற்றும் என்று அவர்கள் நம்புகிறார்கள். அம்மாவின் கை தேற்றும் என்று நாங்கள் நம்புகிறோம். சங்கடமாக இருந்தால் ஆசிரியையிடமே கேளுங்கள். எத்தனை அடுக்கு உடுப்பு, எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை போய்ப் பார்க்கிறார்கள் என்று பொறுமையாக விளக்குவார்கள். கேட்பதை யாரும் குறையாக எடுப்பதில்லை.

சம்பள விஷயம் இன்னும் சுவாரசியமானது. முதல் சந்திப்பிலேயே “எவ்வளவு எடுக்கிறியள்?” என்று கேட்பது எங்களுக்கு அக்கறை. இங்கே வேலையிடத்தில் கேட்டால் முகம் மாறும். அதை வைத்து “மூடின ஆக்கள்” என்று முடிவு கட்டவேண்டாம். ஒவ்வொரு வருடமும் வரித் திணைக்களம் வரிப் பட்டியலை வெளியிடும். யாருடைய வருமானம், சொத்து, கட்டிய வரி எவ்வளவு என்று அதில் தேடிப் பார்க்கலாம். 2014இல் இருந்து, தேடியது யார் என்பதைத் தேடப்பட்ட ஆளும் பார்க்கலாம். உங்கள் பெயரும் அதில் வரும்.

முதியோர் இல்லத்தைப் பற்றித்தான் எங்கள் ஆட்கள் ஆகக் கடுமையாகக் கதைப்பது. “பெத்த தாயைக் கொண்டுபோய் விடுறாங்கள்” என்று. ஆனால் இந்த நாட்டிலும் பிள்ளைகளே பெற்றோரைப் பார்த்த காலம் இருந்தது. மகன் தோட்டத்தைப் பொறுப்பெடுக்கும்போது, தாய் தகப்பனுக்கு எங்கே படுக்கை, எவ்வளவு தானியம், எத்தனை மாட்டின் பால் என்று எழுதி ஒப்பந்தம் போடுவார்கள். பிறகு அந்தப் பொறுப்பை ஓய்வூதியமும் நகரசபையும் ஏற்றுக்கொண்டன. அங்கே யாழ்ப்பாணத்தில், பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க முதியோர் இல்லத்தில் இருக்கும் அம்மா அப்பாவை எங்களில் பலருக்கே தெரியும். அவர்களின் பிள்ளைகள் பாசமில்லாதவர்கள் என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். அதே நியாயத்தை அயல்வீட்டு நோர்வேஜியனுக்கும் கொடுங்கள்.

இப்படி எழுதுவதால் எல்லாப் பழக்கமும் சரிசமம் என்று நான் சொல்வதாக எடுக்கவேண்டாம். பிள்ளைக்கு அடிப்பது பிழை. அது இங்கே சட்டவிரோதமும்கூட. இதுவும் நோர்வேக்காரர் பிறக்கும்போதே கொண்டுவந்த குணம் இல்லை. பள்ளிகளில் பிரம்பு நின்றது 1936இல். பெற்றோருக்குச் சட்டம் கொடுத்திருந்த அடிக்கும் உரிமை 1972இல் போனது. தெளிவான தடை 1987இல்தான் வந்தது. இன்று பேரப்பிள்ளை பார்க்கும் பலர் அடி வாங்கி வளர்ந்தவர்கள். பிள்ளை ஆபத்தில் என்று பலமான சந்தேகம் வந்தால் ஆசிரியர், மருத்துவர், தாதி எல்லோரும் பார்னவேர்ன் எனும் சிறுவர் பாதுகாப்புச் சேவைக்கு அறிவித்தே ஆகவேண்டும். அவர்களிடமிருந்து கடிதம் வந்தால் பயந்து ஒளிக்காதீர்கள். கூட்டத்துக்குப் போங்கள், மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள். மொழிபெயர்க்க உங்கள் பிள்ளையை இருத்தவேண்டாம். கலியாணப் பேச்சில் ஒஸ்லோவில் இருந்துகொண்டும் சாதி விசாரிக்கிறோமே, அதற்கும் “எங்கட பண்பாடு” என்று போர்வை போர்த்தக்கூடாது.

இவர்களுக்கும் போர்வை இருந்தது. வடக்கின் பூர்வகுடிகளான சாமி (Sámi) மக்களின் பிள்ளைகளை விடுதிப் பள்ளிகளில் வைத்து, தாய்மொழி கதைக்கவிடாமல் “நோர்வேஜியர் ஆக்கினார்கள்”. அதை முன்னேற்றம் என்றே நம்பினார்கள். 1997இல் அரசர் ஹரால்ட் மன்னிப்புக் கேட்டார். 2023இல் உண்மை ஆணைக்குழுவின் அறிக்கை வந்தது. 2024இல் நாடாளுமன்றமே மன்னிப்புக் கேட்டது. ஆகவே, நோர்வேஜியம் கெதியாக வரட்டும் என்று வீட்டில் தமிழை நிறுத்தச் சொல்லி யாராவது புத்தி சொன்னால், கேட்காதீர்கள். வீட்டில் தமிழ், வெளியில் நோர்வேஜியம் என்று பிள்ளை இரண்டையும் தாங்கும்.

ஆட்களை அறிய ஆக நல்ல இடம் டுக்னாட் எனும் சிரமதானம். தேசிய தினமான மே 17க்கு முன் குடியிருப்பு அறிவிப்புப் பலகையில் திகதி ஒட்டுவார்கள். எல்லோரும் சேர்ந்து முற்றம் கூட்டி, கஞ்சல் அள்ளி, வாங்குக்கு நிறம் பூசுவார்கள். சம்பளம் இல்லை, கட்டாயமும் பெரிதாக இல்லை, ஆனால் யார் வரவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். எங்கள் ஊரில் கோயில் திருவிழாவுக்கு முன் வீதி துப்புரவாக்கியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கையுறை கொண்டுபோங்கள். முடிந்தால் ஒரு தட்டு றோல்ஸும். வேலை முடிந்து கோப்பி குடிக்கும்போது, வாசல்படியில் ஒரு வருடமாகத் தலையை மட்டும் ஆட்டிய மேல்வீட்டு மனிதர் அதில் என்ன போட்டிருக்கிறது என்று கேட்பார். உறைப்பு என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.