சுற்றுச்சூழல் அறிவியல் படிக்கிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

சுற்றுச்சூழல் அறிவியலில் எம்.எஸ்சி. முடித்துவிட்டு எங்கள் ஆய்வகத்துக்கு வேலை கேட்டு வருகிற பிள்ளைகளிடம், "பி.ஓ.டி. எவ்வளவு வரை இருக்கலாம்?" என்று கேட்பேன். "லிட்டருக்கு 30 மில்லிகிராம் சார்" என்று உடனே பதில் வரும். பி.ஓ.டி. என்பது தண்ணீரிலுள்ள கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜனின் அளவு. பதில் சரிதான், சுத்திகரித்த கழிவுநீரை ஆற்றில் விடுவதற்கு அதுதான் பொதுவான வரம்பு. "அந்தத் தண்ணீரை எப்படிப் பிடித்து வருவீர்கள்?" என்று அடுத்துக் கேட்டால் பெரும்பாலும் பேச்சே வராது. வரம்புகளை மனப்பாடம் செய்துவிட்டு, அளவு எப்படிக் கிடைக்கிறது என்பதைக் கற்காமல் வெளியே வருவதுதான் நான் பார்த்ததிலேயே பெரிய தவறு.

தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளுங்கள். 300 மில்லி கண்ணாடிக் குப்பியில் குமிழி எழாமல் மெதுவாகத் தண்ணீரை நிரப்ப வேண்டும். கரையிலேயே மாங்கனீசு சல்பேட்டையும் காரம் கலந்த அயோடைடு அசைடு கரைசலையும் விட்டு, மூடியைப் போட்டு, கவிழ்த்துக் கவிழ்த்துக் கலக்க வேண்டும். பழுப்பாகப் படிந்தால் ஆக்சிஜன் இருக்கிறது. வெள்ளையாகவே படிந்தால் துளியும் இல்லை. அப்படி வெள்ளையாகப் படிவதை ஒருமுறை கண்ணால் பார்த்தவர் அந்த ஓடையை மறக்க மாட்டார்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதைச் செய்யாமல், ஒரு பிளாஸ்டிக் கேனில் தண்ணீரைப் பிடித்து, இரண்டு மணி நேரம் பைக்கில் குலுங்கக் குலுங்கக் கொண்டுவந்தேன். வழியெல்லாம் காற்று கலந்து, நாறிக்கிடந்த ஓடையில் மீன் வளர்க்கலாம் என்கிற அளவுக்கு ஆக்சிஜன் காட்டியது. கையெழுத்துப் போட வேண்டிய மூத்தவர் தாளைத் திருப்பிக் கொடுத்து, "தம்பி, அந்த ஓடையை நீ பார்த்தாயா, இல்லையா?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வி இன்றும் என்னோடு இருக்கிறது.

இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு முறை உண்டு. உலோகம் பார்க்க வேண்டிய தண்ணீரில் நைட்ரிக் அமிலம் சேர்க்காவிட்டால் உலோகம் குப்பியின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். குளோரின் போட்ட குடிநீரில் கிருமி பார்க்கும்போது குளோரினை முறிக்கும் தயோசல்பேட் இல்லாத குப்பியில் பிடித்தால், வருகிற வழியிலேயே குளோரின் கிருமிகளைக் கொன்றுவிடும். குழாயில் கிருமி இருந்திருக்கும், அறிக்கை சுத்தம் என்று சொல்லும். பி.ஓ.டி.யிலும் ஒரு குழப்பம் உண்டு. பல பாடநூல்களில் 5 நாள், 20 டிகிரி என்று இருக்கும். நம் நாட்டு வரம்பு 3 நாள், 27 டிகிரி சோதனைக்கானது.

அடுத்த தவறு, ஒரே ஓர் அளவை வைத்துத் தண்ணீர் நல்லாகிவிட்டது என்று முடிவு கட்டுவது. இதற்குத் திருப்பூரைவிடப் பெரிய பாடம் கிடையாது. சாயமேற்றும்போது கிலோ கணக்கில் உப்பு போடுவார்கள். பாக்டீரியாவை வைத்துச் செய்யும் சுத்திகரிப்பு பி.ஓ.டி.யைக் குறைக்கும். ஆனால் கரைந்த உப்பை அதனால் தொடக்கூட முடியாது. நிறம் போன தண்ணீரிலும் உப்பு அப்படியே நொய்யல் ஆற்றுக்குப் போனது. பாசனத்துக்குக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்கும் இடமானது. விவசாயிகள் வழக்கு நடத்தி, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் 700க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான், கழிவுநீரை வெளியே விடாத முறை உறுதியாக நடைமுறைக்கு வந்தது.

இங்கேயும் பாதியில் நின்றுவிடாதீர்கள். ஆர்.ஓ. என்னும் சவ்வு வடிகட்டியில் தண்ணீரைப் பிரித்தால் மீதி உப்புக்கரைசலைக் காய்ச்சி வற்றவைக்க வேண்டும். அதற்கு விறகோ நிலக்கரியோ மின்சாரமோ வேண்டும். கடைசியில் யாரும் வாங்காத கலப்பு உப்பு குவியும். ஆறு தப்பித்தது, சரி. அந்த எரிபொருளையும் உப்புக் குவியலையும் குறைப்பது யார் வேலை? இன்று படித்துக்கொண்டிருக்கிற உங்கள் வேலைதான். ஒரு மாசை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற்றிவிட்டு நிலைத்த வளர்ச்சி என்று பெயர் வைக்காமல் இருப்பதற்கே இந்தப் படிப்பு.

வேலை தேடுவதைப் பற்றிச் சுருக்கமாக. இந்திய வனப் பணித் தேர்வுக்கு ஏற்கும் பாடங்களில் தாவரவியல், விலங்கியல், வேதியியல், நிலவியல் போன்றவை உண்டு. சுற்றுச்சூழல் அறிவியல் என்ற பெயர் தனியாக இல்லை. இளநிலையில் சேரும்போதே இதைப் பார்த்துக்கொள்ளுங்கள். கல்லூரி ஆசிரியர் பணிக்கான யு.ஜி.சி. நெட் தேர்வில் நம் பாடம் இருக்கிறது. கேட் தேர்விலும் 2021 முதல் சுற்றுச்சூழல் அறிவியலும் பொறியியலும் சேர்ந்து ஒரு தாளாக உண்டு. அறிவிக்கையை வரி வரியாகப் படியுங்கள்.

அப்புறம், ஒரு திட்டம் வந்தால் சுற்றுச்சூழலுக்கு என்ன ஆகும் என்று சொல்லும் தாக்க மதிப்பீட்டு அறிக்கைகள். பழைய அறிக்கையிலிருந்து பறவைப் பட்டியலை எடுத்து ஒட்டுவது பொய் சொல்வது, அவ்வளவுதான். ஒட்டாமல் நேர்மையாகப் போகிறவரும் ஒரு தவறு செய்வார். 2006ஆம் ஆண்டு தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் கீழ் பெரும்பாலான திட்டங்களுக்கு மழைக்காலம் தவிர்த்த ஒரு பருவத்தின் தரவு போதும். மார்ச் முதல் மே வரை போய்ப் பார்த்தால் செங்கல்பட்டுப் பக்கத்து ஏரி வெறும் வெடித்த மண். வடகிழக்கு மழைக்குப் பிறகு அதே ஏரியில் கூழைக்கடா நிற்கும். "இந்த ஏரி எந்த மாசம் கலங்கல் போகும்?" என்று கரையில் மாடு மேய்ப்பவரைக் கேட்டால் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார். கலங்கல் போவது என்றால் ஏரி நிரம்பி வழிவது. கேட்பதற்கு அந்தச் சொல் தெரிந்திருக்க வேண்டும்.

பாடத்தைத் தமிழில் பேசிப் பழகாமல் இருப்பதும் சின்னத் தவறு இல்லை. பொதுமக்கள் கருத்துக் கேட்புக்கு அறிக்கையின் சுருக்கம் உள்ளூர் மொழியிலும் இருக்க வேண்டும் என்பது விதி. அந்தச் சுருக்கத்தை ஆள் வைத்து மொழிபெயர்த்து, எழுதியவருக்கே புரியாத தமிழில் கொடுத்துவிடுகிறார்கள். ஒரு கூட்டத்தில் பெரியவர் ஒருவர் எழுந்து, "ஏம்மா, எங்க கிணறு என்னம்மா ஆகும்?" என்று கேட்டார். பதில் சொல்ல நின்றவர் அறிக்கை தயாரித்த பெண். நன்றாகப் படித்தவர், கையில் தரவு முழுவதும் இருந்தது. "நிலத்தடி நீரில் குறிப்பிடத்தக்க தாக்கம் இராது" என்று தாளைப் பார்த்து வாசித்தார். பெரியவருக்கு வேண்டியிருந்தது வேறு: அவர் கிணறு திட்ட இடத்திலிருந்து எவ்வளவு தூரம், ஊற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது, கோடையில் தண்ணீர் எத்தனை அடி இறங்கும், உப்பு ஏறினால் யாரிடம் போய்ச் சொல்வது. நான்குக்கும் விடை அந்தப் பெண்ணின் அறிக்கையிலேயே, 3 அட்டவணைகளில் இருந்தது.