கீசர் தெர்மோஸ்டாட்டை மாற்றிய என் அனுபவம்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்திலுள்ள எங்கள் வீட்டில் மூன்று நாட்களாகக் கீசரில் தண்ணீர் சூடேறவில்லை. மின்பலகையில் கீசருக்குரிய பிரேக்கரை அணைத்து, கூரைக்கு உட்புறம் ஏறி, மூடியைக் கழற்றி, 230 வோல்ட் மின்சாரம் முற்றிலும் நின்றுவிட்டதை மின்னளவு மீட்டரால் (மல்டிமீட்டர்) உறுதிசெய்த பிறகே கம்பிகளைத் தொட்டேன். இந்தச் சோதனையை எவரும் ஒருபோதும் தவிர்க்கலாகாது.

கம்பிகளைப் படமெடுத்துக்கொண்டு கழற்றி அளந்தபோது, ஹீட்டர் சுருள் ஏறக்குறைய 18 ஓம் மின்தடை காட்டியது. 3 கிலோவாட் சுருளுக்கு அது பொருத்தமான அளவே. வெப்பநிலைக்கேற்பச் சுருளுக்கு மின்சாரத்தை விட்டு நிறுத்தும் தெர்மோஸ்டாட்டிலோ, தண்ணீர் குளிர்ந்திருந்தும் மின்தொடர்பே கிடைக்கவில்லை; பழுது அதில்தான்.

பழைய தெர்மோஸ்டாட்டின் தண்டு நீளத்திற்குச் சமமான தண்டுள்ள புதியதையே வாங்கினேன். எனக்குக் குழப்பம் தந்தது கம்பிகளின் நிறந்தான். புதிய கருவியின் குறிப்புத்தாள் லைவுக்கு (மின்சாரம் வரும் கம்பி) பழுப்பையும் நியூட்ரலுக்கு (அது திரும்பும் கம்பி) நீலத்தையும் காட்டியது. எங்கள் வீட்டின் பழைய கம்பிகளிலோ லைவ் சிவப்பு, நியூட்ரல் கறுப்பு. மேலும், புதியதில் லைவ் முனை எதிர்ப்பக்கத்தில் இருந்ததால், கம்பி இருந்த இடத்தைப் பார்க்காமல், முனையில் பொறித்திருந்த எழுத்தைப் பார்த்தே இணைத்தேன். எர்த் கம்பியை அதன் திருகிலேயே விட்டுவிட்டேன். தளர்ந்த இணைப்பு சூடேறிக் கருகும் என்பதால் ஒவ்வொரு திருகையும் இருமுறை இறுக்கினேன்.

வெப்பநிலையை 60 டிகிரியில் வைத்து, பதிவுபெற்ற மின்பணியாளரான பக்கத்து வீட்டு அண்ணன் இணைப்பைச் சரிபார்த்த பின்னரே மின்சாரத்தைத் திறந்தேன். இரண்டு மணி நேரத்தில் குழாயில் வெந்நீர் வந்தது.