ஏடிஆர் 72 புரொப்பெல்லர் அதிர்ந்தால் என்ன செய்வது?

சேலம் காமலாபுரம் விமான நிலையத்துக்கு வருவது போன்ற ஏடிஆர் 72 புரொப்பெல்லர் விமானத்தில் அதிர்வு என்று விமானி எழுதி வைத்தால், எடுத்த எடுப்பில் புரொப்பெல்லரைச் சமன் செய்யப் பொருத்தும் சமன் எடையைத் தேடாதீர்கள். ஆறு பிளேடுகளையும் கையால் தடவிப் பாருங்கள். முன்விளிம்பில் கல்லடி, கிழிந்த டி-ஐசிங் பூட் (பனிக்கட்டி படியாமல் காக்கும் உறை), அடிப்பகுதியில் எண்ணெய்க் கசிவு, ஸ்பின்னர் என்னும் நடுக் கூம்பு மூடியில் தளர்ந்த திருகு: இவை இருக்கும்போது எடை வைத்தால் குறை ஒளிந்துகொள்ளும், தீராது.

பிறகு விமானத்தின் மூக்கைக் காற்றுக்கு நேராகத் திருப்புங்கள். சேர்வராயன் மலைப் பக்கமிருந்து காற்று மாறி மாறி அடித்தால் அதிர்வின் அளவீடு நிலைக்காது. காற்று அடங்கிய விடியற்காலைதான் நல்லது. கியர்பாக்ஸ் முன்புறம் அதிர்வு சென்சார், ஒரே ஒரு பிளேடில் ஒளி திருப்பும் டேப், அதை நோக்கி ஒளியால் சுற்றை உணரும் ஆப்டிகல் சென்சார்: இவற்றைப் பொருத்தி எஞ்சினை ஓட்டி அளவெடுங்கள்.

புரொப்பெல்லரின் 100 சதவீத வேகம் நிமிடத்துக்கு 1,200 சுற்று, அதாவது நொடிக்கு 20 சுற்று, 20 ஹெர்ட்ஸ். அந்த 20 ஹெர்ட்ஸில் அதிர்வு உச்சம் எழுந்தால் சமநிலைக் கோளாறு. 120 ஹெர்ட்ஸில் தெரிவது ஆறு பிளேடுகள் காற்றை வெட்டும் துடிப்பு. அதற்கு எடை மருந்தல்ல.

சமநிலைக் கோளாறுதான் என்றால், சோதனை எடை ஒன்றைப் பொருத்தி எஞ்சினை மறுபடி ஓட்டுங்கள். அதிர்வின் அளவும் கோணமும் எப்படி நகர்ந்தன என்பதை வைத்துச் சரியான எடையும் இடமும் கணக்காகும். சோதனை எடையைக் கழற்றுவதா, விடுவதா என்பதை அதிர்வைக் கணக்கிடும் கருவியில் சரியாகப் பதியுங்கள். இங்கே தவறினால் கணக்கே தலைகீழ். அப்படியும் குறையாவிட்டால் பிளேடுகளின் கோணத்தை ஒப்பிட்டுப் பாருங்கள்.