பழைய பிக்கப்பை உயர்த்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் நீலகிரியின் கேத்தி பாலாடாவில் கேரட் கழுவும் இடத்துக்கு அருகே இரண்டு தம்பிகள் ஒரு பழைய பிக்கப்பின் அடியில் படுத்திருந்தார்கள். பின்பக்கம் தொய்ந்துவிட்டது, தோட்டத்துப் பாதையில் அடி தட்டுகிறது என்று லீஃப் ஸ்பிரிங்கில், அதாவது பட்டைகளை அடுக்கிய வில்லில், இரண்டு பிளேட் சேர்த்திருந்தார்கள். “அண்ணா, மூன்று இன்ச் ஏறிவிட்டது” என்று சொன்னபோது இருவர் முகத்திலும் அத்தனை சந்தோஷம். குனிந்து பார்த்தேன். பின் அச்சுக்கும் சேசிஸுக்கும் நடுவே ஒரு சாண் நீளக் கம்பி, இனி இழுக்க இடமில்லாத அளவுக்கு விறைத்து நின்றது. பதினைந்து வருடங்களுக்கு முன் என் வண்டியில் நான் விட்ட அதே பிழை.

ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கக் கூடாது, சக்கரத்துக்குக் கல் வைக்க வேண்டும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். தெரியாமல் செய்பவற்றைச் சொல்கிறேன்.

ஏன் இறங்கியது என்று பார்க்காமல் தூக்குவது

வண்டி காரணமில்லாமல் தொய்வதில்லை. ஒரு பிளேட் உடைந்திருக்கும், ஸ்பிரிங்கின் நுனியைச் சேசிஸோடு இணைக்கும் ஷேக்கிளின் புஷ் தேய்ந்திருக்கும், பிளேட்டுகளைச் சேர்த்துப் பிடிக்கும் சென்டர் போல்ட் அறுந்து அச்சு நகர்ந்திருக்கும். அதைச் சரிசெய்தாலே பல வண்டிகள் பழைய உயரத்துக்கு வந்துவிடும். உடைந்த பிளேட்டின் மேல் புதுப் பிளேட்டை ஏற்றினால் நோய் மறையுமே தவிர தீராது.

அளவெடுப்பதிலும் ஒரு முறை உண்டு. தரையிலிருந்து அளக்காதீர்கள்; டயர் தேய்மானமும் காற்றும் கணக்கைக் கெடுக்கும். சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை, நான்கு பக்கமும், சமதளத்தில் அளக்க வேண்டும். ஜாக்கியிலிருந்து இறக்கிய கையோடு அளந்தால் பொய்க் கணக்குதான் வரும். வண்டியைச் சில அடி முன்னும் பின்னும் உருட்டி ஸ்பிரிங் அமர்ந்த பிறகு அளவெடுங்கள்.

டார்ஷன் பாரை முறுக்கினால் ஸ்பிரிங் கெட்டியாகும் என்று நம்புவது

ஆகாது. முன்பக்கம் டார்ஷன் பார், அதாவது முறுக்கி ஸ்பிரிங்காக வேலை செய்யும் இரும்புத் தண்டு, உள்ள வண்டியில் அட்ஜஸ்டர் போல்ட்டைத் திருகினால் வண்டி உயரும், பாரின் வலிமை அப்படியேதான் இருக்கும். அளவு மீறித் திருகினால் சக்கரம் கீழே இறங்க இடமில்லாமல் ஒவ்வொரு குழியிலும் சக்கரத்தைத் தாங்கும் கை (கன்ட்ரோல் ஆர்ம்) போய்த் தடுப்பில் மோதும். அந்த அடியைத்தான் பலர் ‘ஸ்பிரிங் கெட்டியாகிவிட்டது’ என்று நினைக்கிறார்கள். சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிய பிறகே போல்ட்டைத் தொடுங்கள். எத்தனை சுற்று என்பதைச் சுவரில் எழுதி வையுங்கள். கழற்றினால் வலது பாரை இடதுபக்கம் மாட்டாதீர்கள்.

பிரேக் கம்பியை மறப்பது

இதை நினைத்தால் இன்றும் எனக்கு எரிச்சல் வருகிறது.

பல பிக்கப்களில் பின் பிரேக்குக்குப் போகும் குழாயின் நடுவே ஒரு லோட் சென்சிங் வால்வு இருக்கும். வால்வு சேசிஸில், அதன் நெம்புகோலிலிருந்து ஒரு கம்பி பின் அச்சுக்குப் போகும். பாரம் ஏற ஏற சேசிஸ் அச்சை நெருங்கும், வால்வு பின் பிரேக்குக்கு அதிக அழுத்தம் விடும். வண்டி காலியாக இருந்தால் இரண்டும் விலகும், வால்வு அழுத்தத்தைக் குறைக்கும். காலி வண்டியின் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு.

இப்போது நீங்கள் பின்பக்கத்தை மூன்று இன்ச் தூக்குகிறீர்கள். வால்வுக்கு உங்கள் கேரட் மூட்டை கண்ணுக்குத் தெரியாது. முழுப் பாரம் ஏற்றினாலும் ‘வண்டி காலி’ என்றே அது முடிவு செய்யும்.

நான் அப்படித்தான் குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கினேன். 14 கொண்டை ஊசி வளைவு, ஏறக்குறைய 1,500 மீட்டர் இறக்கம். பர்லியாறுக்குச் சற்று மேலே மிதித்தால் பெடல் கெட்டியாகத்தான் இருந்தது, வண்டி நிற்கவில்லை. இரண்டாம் கியருக்கு மாற்றி, கை பிரேக்கை இழுத்து, மலைப்பக்கத்து ஓடையில் சக்கரத்தை இறக்கி நிறுத்தினேன். முன்சக்கரங்களிலிருந்து புகை, அருகே போக முடியவில்லை. பின்பக்கம் வந்து டிரம்மின் மேல் உள்ளங்கையை வைத்தேன். வெயிலில் நின்ற வண்டியின் சூடுதான் இருந்தது. முழுப் பாரத்தையும் முன்பிரேக் ஒன்றே தாங்கியிருக்கிறது.

அப்போதும் எனக்குப் புரியவில்லை. பேடு, டிஸ்க், ஆயில், கடைசியில் மாஸ்டர் சிலிண்டர் என்று 20,000 ரூபாய்க்கு மேல் போனது. மூன்று பட்டறை பார்த்தேன்; ஒருவரும் அந்தக் கம்பியைத் தொட்டுப் பார்க்கவில்லை. நான்காவதாக ஒரு பெரியவர் அடியில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, “பிளேட் போட்டாயே, இதை யார் மாற்றுவது?” என்று கேட்டார்.

அச்சுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே கட்டை வைத்து மட்டும் தூக்கினால் ஸ்பிரிங்கின் வலிமை மாறாது. கம்பியின் நீளத்தையோ வால்வின் பிராக்கெட்டையோ மாற்றி, நெம்புகோல் பழைய கோணத்துக்கு வந்தால் பெரும்பாலும் போதும். அதற்குத் தூக்கும் முன்பே கோணத்தைக் குறித்திருக்க வேண்டும். பிளேட் சேர்த்தால் கணக்கு வேறு. ஸ்பிரிங் கெட்டியாவதால் அதே பாரத்துக்கு வண்டி முன்போல அமுங்காது. கம்பியை நீட்டினாலும் வால்வு பாரத்தைக் குறைத்தே எடைபோடும். அங்கே கண்ணளவு உதவாது. காலியாக ஒருமுறை, பாரத்தோடு ஒருமுறை பிரஷர் கேஜ் மாட்டி, வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் உள்ள அளவோடு ஒப்பிட வேண்டும்.

சிலர் கம்பியைக் கழற்றி, நெம்புகோலை மேலே தூக்கி வேறு கட்டுக்கம்பியால் கட்டிவிடுகிறார்கள், பின்பிரேக் எப்போதும் முழுதாகக் கிடைக்கும் என்று. மூட்டையை இறக்கிவிட்டு, பனி நனைத்த சாலையில் காலி வண்டியோடு வளைவில் பிரேக் போட்டுப் பாருங்கள் என்று சொல்லக்கூட எனக்கு மனம் வரவில்லை. பின்பக்கம் முன்னால் வந்து நிற்கும்.

அந்தத் தம்பிகள் அன்றே ஒரு பிளேட்டைக் கழற்றிவிட்டார்கள். கேஜ் வைத்துப் பார்க்கும்வரை மேட்டுப்பாளையம் லோடு எடுப்பதில்லை என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

முன் அச்சில் கட்டை வைப்பது

வேண்டாம்.

பழைய யூ போல்ட்டையே மாட்டுவது

ஸ்பிரிங்கை அச்சோடு இறுக்கிப் பிடிப்பது யூ போல்ட். ஒருமுறை இறுக்கிய யூ போல்ட்டை மறுபடி மாட்டாதீர்கள். புதிதையும் சில நூறு கிலோமீட்டர் ஓடிய பின் ஒருமுறை இறுக்க வேண்டும்.

சக்கரம் தொங்கும்போதே புஷ் போல்ட்டை இறுக்குவது

ரப்பர் புஷ் முறுக்கிய நிலையிலேயே மாட்டிக்கொண்டு சில மாதங்களில் கிழியும். வண்டி தன் எடையில் தரையில் நிற்கும்போது இறுக்குங்கள்.

அலைன்மென்ட்

முன்பக்க உயரம் மாறினால் கேம்பரும் (சக்கரத்தின் சாய்வு) டோவும் (சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) மாறும். அதே நாளில் பார்த்துவிடுங்கள்.

ஆர்.சி. புத்தகம்

1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு வண்டியின் அமைப்பை இஷ்டத்துக்கு மாற்ற அனுமதிப்பதில்லை. தொய்ந்த வண்டியைப் பழைய உயரத்துக்குக் கொண்டுவருவது பழுதுபார்ப்பு. அதற்கு மேல் போவதாக இருந்தால் முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேளுங்கள்.

ஹெட்லைட்

முன்பக்கம் ஒரு இன்ச் ஏறினாலே வெளிச்சம் எதிரே வருபவர் கண்ணில் விழும். பனிமூட்டத்தில் அதே வெளிச்சம் வெள்ளைச் சுவராகத் திரும்பி உங்கள் கண்ணையும் மறைக்கும். வேலை முடிந்த அன்று மாலையே சுவருக்கு எதிரே நிறுத்தி விளக்கைத் தாழ்த்திவிடுங்கள்.