வாளுக்குள் போன உயிர் திரும்பி வருமா?

ஏழு கடல், ஏழு மலை தாண்டி ஒரு கிளிக்குள் உயிரை ஒளித்து வைத்த அரக்கன் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அதனாலோ என்னவோ, ஆன்மாவைப் பிடித்து வைக்கும் மந்திர வாள் கதையில் வந்தாலே, 'உயிர் பத்திரமாக இருக்கிறது, ஆளை எழுப்பிவிடலாம்' என்று நினைத்துவிடுகிறோம். அப்படி ஒரு வாளை வைத்துக் கதை எழுதுகிறவர்கள் செய்யும் முதல் தவறு அதுதான். கிளிக்குள் இருப்பது அரக்கன் தானே வைத்த உயிர். வாளுக்குள் இருப்பது பிடுங்கிய உயிர். அது காவல் இல்லை, சிறை.

மேஜையைச் சுற்றி உட்கார்ந்து கதை சொல்லி ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் 2014 விதிகளைப் பாருங்கள். செத்தவரை எழுப்பும் 'ரைஸ் டெட்' மந்திரத்துக்கு 500 பொற்காசு பெறும் வைரம் வேண்டும். ஆள் செத்து 10 நாள் தாண்டியிருக்கக் கூடாது. 'ட்ரூ ரெசரெக்‌ஷன்' என்ற இன்னும் வலிய மந்திரம் செத்து 200 வருடம் ஆனவர் வரை எட்டும், ஆனால் அதற்கு 25,000 பொற்காசு பெறும் வைரம் வேண்டும். இரண்டுக்கும் ஒரே நிபந்தனை: ஆன்மா கட்டில்லாமல் இருக்க வேண்டும், திரும்பி வர அதற்கே மனமும் வேண்டும். ஆக, வாளில் அடைபட்டவருக்கு எத்தனை வைரம் கொட்டினாலும் வீண். நான் ஆட்டம் நடத்தியபோது இதைக் கவனிக்காமல், அப்படிச் செத்த ஒருவரை எழுப்ப விட்டுவிட்டேன். அப்புறம் அந்த வாளைக் கண்டு மேஜையில் ஒருவரும் பயப்படவில்லை.

அடைப்பதும் தின்பதும் ஒன்றல்ல. 1979இல் அந்த விளையாட்டுக்குள் வந்த 'பிளாக்ரேசர்' தின்னும் வாள். அதற்கு இரையானவரை கேட்டதை நடத்தித் தரும் 'விஷ்' மந்திரம் ஒன்றால்தான் மீட்க முடியும். வார்கிராஃப்ட் என்ற கணினி விளையாட்டின் 'ஃப்ராஸ்ட்மோர்ன்' அடைத்து வைக்கும் ரகம். லிச் கிங் ஆகிவிட்ட இளவரசன் ஆர்த்தஸுடனான கடைசிச் சண்டையில் டிரியன் என்ற வீரர் அதை உடைத்ததும் ஆன்மாக்கள் வெளியே வருகின்றன. அதே வாளால் மகன் ஆர்த்தஸ் கொன்ற அரசர் டெரெனாஸின் ஆவி, அங்கே செத்துக் கிடக்கும் வீரர்களை எழுப்புகிறது. உங்கள் வாள் எந்த ரகம் என்று முதல் அத்தியாயம் எழுதும்போதே முடிவு செய்துவிடுங்கள். பாதியில் மாற்றினால் வாசகர் கண்டுபிடித்துவிடுவார்.

இரண்டும் கலந்த வழியும் உண்டு. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் வரும் டெமிலிச் என்ற மண்டையோடு ஆன்மாவைத் தன் ரத்தினக்கல்லில் அடைத்து, 24 மணி நேரம் கழித்துத்தான் விழுங்கும். எனக்குப் பிடித்தது இதுதான். மீட்க ஓடுகிறவர்களுக்கு ஒரு கெடு கிடைக்கிறதே!

வாள் பிடித்தவனுக்கு எந்த ஆபத்தும் வைக்காமல் விடுவதும் தவறு. பிளாக்ரேசரால் நடைப்பிணத்தை வெட்டினால் காயம் வெட்டியவனுக்கு, குணம் பிணத்துக்கு. அந்தக் காயத்திலேயே அவன் சாய்ந்தால் வாள் அவன் ஆன்மாவையும் தின்றுவிடும்.

கடைசியாக, நாள் கணக்கு. ஆன்மா வாளுக்குள் இருப்பதால் காலம் நின்றுவிடாது. 11ஆம் நாள் வாளை உடைத்துவிட்டு ரைஸ் டெட் சொன்னால் பிணம் அசையாது.