செகண்ட் ஹேண்ட் துணியில் ஒட்டிக்கொண்ட வாடையைப் போக்குவது எப்படி?

நான்கு தடவை துவைத்தும் ஒரு சட்டையின் அக்குள் வாடை போகவில்லை. காய்ந்து மடித்து வைத்திருக்கும்போது ஒன்றும் தெரியாது. போட்டுக்கொண்டு வெளியே போய்ப் பத்து நிமிடம் ஆனதும், எனக்கு முன்னால் அதைப் போட்டிருந்தவருடைய வியர்வை என் மேலிருந்து வீசும். துணி நல்ல துணி, தையலும் உறுதியான தையல். தூக்கிப் போட மனம் வரவில்லை. அந்தச் சட்டையோடு மூன்று வாரம் மல்லுக்கட்டியதில் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். சாதாரணமாகத் துணி துவைப்பது எப்படி என்பதற்குள் போகவில்லை.

1. முதலில் முகர்ந்து பாருங்கள்

வாங்கி வந்த கையோடு வாளியில் முக்கிவிடாதீர்கள். அக்குள், காலர், பைகளின் உள்பக்கம், உள்துணி என்று ஒவ்வொரு இடமாக முகருங்கள். ஒவ்வொரு வாடைக்கும் காரணம் வேறு, வழியும் வேறு.

அந்துருண்டை வாடை என்றால் தண்ணீர் பக்கமே போக வேண்டாம். அந்துருண்டையில் இருக்கும் நாப்தலீன் தண்ணீரில் கரையாது. ஆனால் திட நிலையிலிருந்து நேரடியாக ஆவியாகும். அதற்கு வேண்டியது காற்றும் கொஞ்சம் வெதுவெதுப்பும்தான். நன்றாக உதறி, பைகளை வெளியே இழுத்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில் தொங்கவிடுங்கள். ஒரு வாரமும் ஆகலாம், இரண்டு வாரமும் ஆகலாம். வாடை பெருமளவு போன பிறகு துவையுங்கள். அந்துருண்டை வாடை அடிக்கும் துணியைக் கைக்குழந்தைக்குப் போடவே கூடாது. ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு நாப்தலீன் இரத்தச் சிவப்பணுக்களையே சிதைத்துவிடும்.

சிகரெட் வாடைக்கு வினிகர். நிகோட்டின் காரத்தன்மை உள்ளது; அமிலம் பட்டால் தண்ணீரில் எளிதாகக் கரையும் உப்பாக மாறிவிடும். நான்கு பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு வெள்ளை வினிகர் கலந்து, ஒரு மணி நேரம் ஊறவைத்து அலசி, பிறகு வழக்கம்போலத் துவையுங்கள். சிகரெட் புகையின் தார் படிந்த துணிக்கு இரண்டு மூன்று சுற்று தேவைப்படும்.

மக்கிப்போன பூஞ்சை வாடை என்றால், வெளியே கொண்டுபோய்ப் பிரஷ்ஷால் தட்டிவிட்டு, சோடியம் பெர்கார்பனேட் கலந்த வெந்நீரில் ஊறவையுங்கள். ஆக்ஸிஜன் ப்ளீச் என்ற பெயரில் விற்பது இதுதான். தண்ணீர் 40 டிகிரிக்கு மேல் இருந்தால்தான் நன்றாக வேலை செய்யும்.

மிச்சம் இருப்பது வியர்வை. என்னைப் பாடாய்ப் படுத்தியது அதுதான்.

2. வியர்வை வாடை: முதலில் பழைய படிவை எடுங்கள்

புது வியர்வைக்குப் பெரிதாக வாடை கிடையாது. தோலில் இருக்கும் பாக்டீரியா அதைச் சிதைக்கும்போதுதான் வீச்சம் வருகிறது. அது தோலின் எண்ணெய்ப் பசையோடு சேர்ந்து நூலில் ஒட்டிக்கொள்கிறது. பருத்தி ஓரளவு விட்டுக்கொடுக்கும். பாலியஸ்டர் தண்ணீரை ஒதுக்கும், எண்ணெயைப் பிடித்துக்கொள்ளும். போதாக்குறைக்கு, முன்பு வைத்திருந்தவர் ஃபேப்ரிக் கண்டிஷனர் போட்டுப் போட்டுத் துவைத்திருந்தால் அதுவும் மேலே ஒரு படலமாக நிற்கும். அதன்மேல் நாம் எத்தனை முறை சோப்பு போட்டாலும் உள்ளே போகாது.

துணியை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்புங்கள். 10 லிட்டர் வெந்நீரில் 3 மேசைக்கரண்டி சலவைச் சோடா, கொஞ்சம் சலவைத் தூள். துணியின் லேபிள் எவ்வளவு சூடு தாங்கும் என்கிறதோ அவ்வளவு சூடு. முக்கிவிட்டு நான்கைந்து மணி நேரம் விட்டுவிடுங்கள். என் சட்டையை வெளியே எடுத்தபோது தண்ணீர் சாம்பலும் பழுப்புமாகக் கலங்கியிருந்தது, மேலே மெல்லிய எண்ணெய்ப் படலம் வெளிச்சத்தில் வானவில் நிறம் காட்டியது. அதற்கு முன் நான்கு முறை துவைத்த சட்டை அது.

நுரையே வராத வரைக்கும் அலசுங்கள். அலசும்போது நுரை வந்தால் சோப்பு இன்னும் உள்ளே இருக்கிறது என்று அர்த்தம்.

3. என்சைம் ஊறல்: நான் தவறவிட்ட இடம்

என்சைம், அதாவது நொதி, சேர்ந்த திரவச் சோப்பு வேண்டும். லேபிளில் புரோட்டியேஸ், லிப்பேஸ் இரண்டும் இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று புரதத்தைச் சிதைக்கும், மற்றது கொழுப்பை. அக்குளில் இரண்டும்தான் அப்பியிருக்கிறது.

நான் முதல் தடவை கொதிக்கக் கொதிக்கத் தண்ணீரில் ஊற்றினேன். சூடு அதிகமானால் சீக்கிரம் அழுக்குப் போகும் என்று நினைத்தேன். அந்தச் சூட்டில் என்சைம் செயலிழந்துவிடும். அடுத்த தடவை சூட்டைக் குறைத்தேன், ஆனால் அரை மணி நேரத்தில் எடுத்துவிட்டேன். வாடை பாதிதான் குறைந்தது. என்சைமுக்கு வெதுவெதுப்பும் வேண்டும், நேரமும் வேண்டும், ஈரமும் வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் வேலை நடக்காது.

சரியான முறை இது: சோப்பை நேரடியாக அக்குள் பகுதியில் ஊற்றி விரலால் தேய்த்துவிட்டு, ஏறக்குறைய 40 டிகிரி தண்ணீரில், அதாவது கை வைத்தால் இதமாக இருக்கும் சூட்டில், ராத்திரி முழுக்க ஊறட்டும். காலையில் அலசி, உள்பக்கத்தைத் திருப்பியபடியே காற்றில் காயவிடுங்கள். முழுசாகக் காய வேண்டும். ஈரத்தோடு மடித்தால் புதிதாக ஒரு வாடை சேரும்.

4. ஆவி காட்டிப் பாருங்கள்

காய்ந்த துணியை முகர்ந்து பார்த்து முடிவு செய்யக் கூடாது. உடம்புச் சூடு பட்டால்தான் வாடை ஆவியாகி மேலே வரும். மூன்று வாரம் நான் ஏமாந்தது இதில்தான். இஸ்திரிப் பெட்டியைத் துணிக்கு மேலே இரண்டு விரல் உயரத்தில் பிடித்து, அக்குள் பகுதியில் ஆவியை அடியுங்கள். அழுத்தித் தேய்க்க வேண்டாம். உடனே முகருங்கள். வாடை வந்தால் மூன்றாம் படிக்குத் திரும்புங்கள். மூக்கு சீக்கிரம் பழகிவிடும் என்பதால், கொஞ்ச நேரம் வெளியே நின்றுவிட்டு வந்து முகர்வது நல்லது. என் சட்டை இரண்டாவது முழு இரவு ஊறலுக்குப் பிறகுதான் இதில் தேறியது.

சில விஷயங்களில் என் கருத்து

வினிகரையும் சமையல் சோடாவையும் ஒன்றாகக் கலக்காதீர்கள். பொங்குவதைப் பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் ஒன்றையொன்று சமன் செய்துவிட்டு, கடைசியில் மிஞ்சுவது கிட்டத்தட்ட வெறும் உப்புத் தண்ணீர். குளோரின் ப்ளீச்சோடு வினிகரைச் சேர்ப்பது ஆபத்து, நச்சு வாயு வரும். பெர்கார்பனேட்டோடும் சேர்க்காதீர்கள்.

வாசனை மணிகள், வாசனைத் திரவம் எதையும் நான் வாங்குவதில்லை. வாடையின் மேல் இன்னொரு வாடை ஏறுமே தவிர அடியில் இருப்பது நகராது. துணியை ஃப்ரீசரில் வைப்பதும் பயன் இல்லை. குளிரில் பாக்டீரியா பெரும்பாலும் சாவதில்லை, வெளியே எடுத்தால் மறுபடி தொடங்கும்.

தண்ணீரே படக் கூடாத கோட்டு போன்றவற்றுக்கு, மூடிய பெட்டியில் துணியோடு ஒரு கிண்ணத்தில் ஆக்டிவேட்டட் கரி வைத்து ஒரு வாரம் விடுங்கள். கரி துணியில் படக் கூடாது.

பிற்சேர்க்கை

இதைப் படித்துவிட்டு ஒருவர் கம்பளி ஸ்வெட்டரை என்சைமில் ஊறவைத்து, நூல் நைந்துபோனதாக எழுதியிருந்தார். நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும், மன்னிக்கவும். கம்பளியும் பட்டும் புரதம்தான், புரோட்டியேஸ் அவற்றையும் அரிக்கும். பெர்கார்பனேட், சலவைச் சோடா இரண்டும் அவற்றுக்கு ஆகாது. அவற்றுக்கு வினிகர் தண்ணீரும், கம்பளிக்கென்று விற்கும் மென்மையான சோப்பும், நிழலில் காற்றும் போதும்.

இன்னொருவருக்கு எல்லாம் செய்தும் வாடை போகவில்லை. விசாரித்ததில் துணி சுத்தமாகத்தான் இருந்தது. வாஷிங் மெஷின் கதவின் ரப்பர் மடிப்பில் கறுப்பாகப் பூஞ்சை படிந்திருந்தது. உங்களுக்கும் அப்படி நடந்தால், அந்த மடிப்பை விரித்துத் துடைத்து, மெஷினைக் காலியாக வெந்நீரில் ஒரு சுற்று ஓட்டி, கதவைத் திறந்தே வையுங்கள்.